ஆணியால் அடித்த ஓட்டைகள்

சித்தப்பாவின் பெல்ட்டில் ஐந்து ஓட்டைகள் கடையில் போட்டவை. மூன்று, அவரே ஆணியால் அடித்தவை. அவர் அடித்தபோதெல்லாம் அபுதாபி பக்கம் ருவைஸ் லேபர் கேம்பில் அதே ரூமில்தான் இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் அவர். அவருக்குச் சாரம் கட்டும் வேலை. மூக்கடைப்பும் வலது கன்னத்து வலியும் மாதக்கணக்கில் விடவில்லை. "ஏசிக்கு நேரா தலைய வச்சுப் படுத்துட்டு மூக்கக் குத்தஞ் சொன்னா எப்புடிண்ணே?" என்பார் கீழ்க்கட்டிலில் படுக்கும் பாய். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கிளினிக்குக்கு என்னைத்தான் கூட்டிப்போவார். டாக்டர் எகிப்துக்காரர், இங்கிலீஷில் சொல்ல வேண்டும். உள்ளே நுழையுமுன் பெஞ்சிலேயே சொல்லிவிடுவார்: "மூக்கடைப்புன்னு மட்டும் சொல்லுடா. சாயங்காலக் காய்ச்சல், எடை குறையிறது, அதெல்லாம் வாயில வரக் கூடாது. டிபின்னு எழுதிட்டான்னா கலாஸ், முடிஞ்சுது, ஊருக்குத்தான்."

விசா மெடிக்கலில் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக வந்திருந்தது. நெஞ்சில் இல்லாத டிபி வேறெங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அதனால் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று போன இரண்டு முறையும் டாக்டர் கேட்டார். இரண்டு முறையும் "நோ" என்றேன். ஆன்டிபயாடிக்கும் மூக்கு ஸ்பிரேயும் கிடைத்தன. ஸ்கேனில் கன்ன எலும்பின் குழி அடைத்திருந்தது. சாதாரண சைனஸிலும் அப்படித்தான் தெரியுமாம்.

பிறகு வலது கண் வீங்கியது. உயரத்தில் நிற்கும்போது ஒரு பைப் இரண்டாகத் தெரிகிறது என்றார். மூன்றாம் முறை டாக்டர் அதே கேள்வியைக் கேட்டதும் "யெஸ்" என்றேன். சித்தப்பாவின் சட்டையைத் தூக்கி பெல்ட்டின் ஆணி ஓட்டைகளைக் காட்டினேன். "அடப்பாவி" என்றார் சித்தப்பா.

அபுதாபி ஆஸ்பத்திரியில் மூக்குவழியாகச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட்டில் வெறும் அழற்சி, கிருமி இல்லை. காய்ச்சலும் எடையும் எழுதப்பட்டிருந்ததால் அவர்கள் விடவில்லை; இன்னும் ஆழத்தில் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். டிபிதான், கன்ன எலும்புக் குழியில். மருந்தில் தீரும் என்றார்கள். ஊரிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் பெட்டியைக்கூட என்னைத் தொட விடவில்லை.

போன வாரம் வீடியோ காலில் வந்தார். வலது கண்ணில் மங்கல் இருக்கிறது. சாரம் ஏற முடியாது. சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். "ஆணி ஓட்டைல ரெண்டத் தாண்டிட்டேன்டா, ஒண்ணுதான் பாக்கி." சிரித்துவிட்டுச் சொன்னார்: "மொதத் தடவையே காட்டித் தொலச்சிருக்க வேண்டியதுதானடா?"

முதல் தடவை போனபோது ஆணி ஓட்டை ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றையும் நான் பார்த்திருந்தேன்.