குரல் கொடுக்காமல் வைத்த வெடி

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வீட்டு வளவுக்குள் குரங்குகள் புகுந்து ஒரு காயும் மிஞ்சாமல் போன பிறகு, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, குரங்கு சுட ஒரு துவக்குக்கு அனுமதி எடுத்தேன். என் பெயரில் மட்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மனைவியின் தம்பி அதைக் கண்ட நாள் முதல் என்னை அரித்தெடுத்தான்.

"அத்தான், ஒருக்காத் தாங்கோ. ஒரேயொரு வெடி."

நான் பக்கத்தில் நின்றால் என்ன நடந்துவிடப் போகிறது? பெரிய வாத்தியார் என்ற நினைப்பு எனக்கு. அன்று காலை பலாமரத்தில் ஒரு பெரிய தாட்டான் குரங்கு இருந்தது. துவக்கை அவனிடம் கொடுத்து, தோளோடு அழுத்திப் பிடிக்கக் காட்டினேன்.

"வெடி மேலைதான் வைக்கவேணும். குரங்கு கீழை இறங்கினால் சுடாமல் விட்டிடு."

"ஓம், ஓம்" என்றான்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. வெடி வைக்க முன்னர் பக்கத்து வளவுக்குக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த வளவுக்காரனோ பனையோலை வேலியை என் பக்கம் ஒரு அடி தள்ளி அடைத்திருந்தான். மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நானாக வாய் திறப்பதா? திறக்கவில்லை.

குரங்கு வேலியில் குதித்தது. துவக்கும் அதோடு சேர்ந்து கீழே இறங்கியது. நான் கையை நீட்டுவதற்குள் வெடித்துவிட்டது. வேலிக்கு அப்பால் "ஐயோ" என்று ஒரு அலறல். ஆட்டுக்குப் பலாவிலை பொறுக்க வந்து நின்ற வளவுக்காரனின் முகமெல்லாம் துவக்குச் சன்னம். நானே ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினேன். வலது கண் போய்விட்டது.

பின்னேரம் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பியின்ரை பேர் வெளியிலை வந்தால் திரும்பிப் போகேலாதப்பா. ரண்டு பிள்ளையள் அங்கை."

வெடி வைத்தது நானே என்று பொலிசில் சொன்னேன். மச்சான் விமானம் ஏறிவிட்டான்.

விபத்து என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எங்கள் வேலிச் சண்டை ஊருக்கே தெரியும். வேண்டுமென்றே சுட்டதாக வழக்குப் போட்டார்கள். பிணையில் வந்ததும், வெட்கத்தை விட்டு அந்த வளவுக்காரனைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி, மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

"ஒரு அடி நிலத்துக்காகவோ அண்ணை?"

சுட்டது நானில்லை என்று வாய்வரை வந்தது. ஆனால் அவன் கேட்டது அதையல்ல. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் விலகிப் போயிருப்பான்.

"ஓம்" என்றேன்.