பூஜைக்கு வைத்த கட்டர்

பேய், பிசாசு, யட்சி, மாடன் எதையும் நான் நம்பினவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. டைல்ஸும் கிரானைட்டும் பதிக்கிற வேலை எனக்கு. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து கரமனையில் வாடகைக்கு இருக்கிறேன். கல்லறைகளுக்குக்கூடக் கிரானைட் பதித்திருக்கிறேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கல்லறை மேலேயே துண்டை விரித்துப் போட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். கீழே படுத்திருந்தவர் ஒருநாளும் எழுந்து வந்து இடம் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் இவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழிஞ்ஞத்தில் ஒரு ஃபிளாட் வேலை எடுத்திருந்தேன். என்னோடு வேலை செய்வது என் மனைவி பிரேமாவின் தம்பி மணி. தங்கமான பயல், தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருந்தோம். வேலை பாதியில் இருக்கும்போது என் கட்டர் புகைந்து போனது. கல் அறுக்கிற கை மெஷின்தான், வட்டமான பிளேடு சுழலும், விரல் பட்டால் விரல் போகும். அது இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. மணிதான் ஃபோனில் பழைய சாமான் விற்கிற ஆப்பைத் தோண்டி ஒரு கட்டரின் படத்தைக் காட்டினான், நல்ல கம்பெனி, அதிகம் தேயவில்லை, பிடியில் யாரோ மஞ்சள் துணி சுற்றித் தைத்திருந்தார்கள்.

விற்றவன் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வரச் சொன்னான். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பில் கேட்டேன், வீட்டில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். நம்பர் அடித்த தகடு தேய்ந்திருந்தது, சிமென்ட்டில் கிடந்து தேய்ந்தது என்றான். எனக்கு வேலை ஓடவேண்டிய அவசரம், தலையாட்டிவிட்டேன். பக்கத்து டீக்கடையில் பிளக் கேட்டு மாட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. அது ஓடினதும் அவன் ஒரு எட்டு பின்னால் போனான். பணத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஃபோன் நம்பருக்கு எப்போது அடித்தாலும் சுவிட்ச் ஆஃப். பில்லாவது ஒன்றாவது.

சும்மா சொல்லக் கூடாது, மெஷின் பிரமாதம். ஃபிளாட்டின் மிச்ச வேலை முழுவதும் அதில்தான் அறுத்தோம். கல் தானே வந்து பிளேடில் உட்காருகிற மாதிரி இருக்கும்.

பிறகு நவராத்திரி வந்தது. இங்கே பூஜைவைப்பு என்பார்கள், நம் ஆட்களுக்கு ஆயுத பூஜை, நாங்கள் இரண்டையும் கலந்து கும்பிடுகிறவர்கள். பிள்ளைகளின் புத்தகங்களும் எங்கள் சாமான்களும் சாமி முன்னால் போகும், மேலே பட்டுத்துணி மூடும், விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. எங்கள் வேலைக்காரர்களிடம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவனவன் சாமானை அவனவன்தான் வைக்க வேண்டும், அவனவன்தான் எடுக்க வேண்டும். அடுத்தவன் ஆயுதத்தைப் பூஜையில் வைத்து எடுத்தால் அது கையைக் கேட்கும் என்பார்கள். ஆகவே மணி அவன் சாந்துக் கரண்டியையும் மட்டப்பலகையையும் வைத்தான், நான் என் சுத்தியலையும் உளியையும் வைத்தேன். கூடவே அந்தக் கட்டரை நடுவில் வைத்து, சந்தனம் தொட்டு, "அம்மா தாயே, இது எனக்குச் சோறு போடுற சாமான், இது எனக்குள்ளது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கியவன் வேறு எப்படிச் சொல்வான், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் விளக்கேற்றப் போன பிரேமா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச வாருங்க. இந்த மெஷின ஆராவது எடுத்தியளா? துணிக்கு மேல கைய வச்சா சுடுது."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. பகல் முழுவதும் கல் அறுத்துவிட்டுக் கீழே வைத்தால் எப்படிச் சுடுமோ அப்படி. வயர் மெஷினைச் சுற்றிச் சுற்றிக் கட்டினபடியே இருந்தது, பிளக் வெளியே தொங்கியது. விளக்குச் சூடு, போய் வேலையைப் பார் என்று பிரேமாவிடம் எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

விஜயதசமி அன்று காலையில் நல்ல வெயில். பக்கத்து வீட்டில் குழந்தைகளுக்கு அரிசியில் எழுதப் பழக்குகிற சத்தம் கேட்டது. பிரேமா பொரியும் கடலையும் வைத்து, கற்பூரம் காட்டினாள். என் சுத்தியலை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன், உளியை எடுத்தேன். பட்டுத்துணியை விலக்கி, ஒரு கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மஞ்சள் துணி சுற்றின பிடியைத் தொட்டேன்.

மெஷின் ஓடியது.

பிளக் என் கைக்குள்ளே இருக்கிறது ஐயா. சத்தியமாக இருக்கிறது. பிளேடு சுழன்று பட்டுத்துணியைக் கிழித்துச் சுருட்டி எறிந்தது, குத்துவிளக்கில் மோதித் தீப்பொறி பறந்தது, எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. நான் விடுவேனா? பிடித்து அமுக்கினேன். அது என் கையைத் திருகிக்கொண்டு என் கழுத்தைப் பார்த்து ஏறியது. அதன் காற்று என் தொண்டையில் பட்டது, இப்போதும் சவரம் செய்யும்போது எனக்கு அந்த இடம் கூசும். பிரேமா அலறினாள். மணி பாய்ந்து வந்து என்னை நெஞ்சில் தள்ளிவிட்டு அதன் மேல் விழுந்தான்.

மணிக்கு என்னைவிட உடம்பு பலம். அவன் பிடித்தும் அது அடங்கவில்லை. அவன் வலது கையில், மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை, கல்லில் கோடு போட்டு அறுக்கிற மாதிரி நேராக, நிதானமாக அறுத்துக்கொண்டு போனது. எலும்பில் பட்டபோது சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், கெட்டிக் கல்லில் பிளேடு ஏறினால் அப்படித்தான் மாறும். சுவரிலும், சாமி படத்திலும், பிள்ளைகளின் புத்தகங்களிலும் ரத்தம் அடித்தது. தட்டிலிருந்த பொரி முழுவதும் சிவந்துவிட்டது. நான் சுத்தியலை எடுத்து வெறிபிடித்தவன் போல அந்த மெஷினை அடித்தேன், ஒவ்வொரு அடியும் என் தோளுக்கே திரும்பி வந்தது. மணி மயங்கிச் சரிந்தான். அவன் கை அதிலிருந்து விழுந்த உடனே மெஷின் நின்றுவிட்டது.

ஆட்டோவில் போட்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். பிரேமா தம்பியின் கையைத் தன் சேலையால் இறுக்கிப் பிடித்திருந்தாள், அப்படியும் ரத்தம் ஆட்டோவின் வாசல்வழியே வழிந்தது. டாக்டர்கள் உள்ளே கொண்டுபோனார்கள், உயிரைப் பற்றியே ஒன்றும் சொல்ல முடியாது, கை அப்புறம் என்றார்கள். இப்படி வெட்டுப்பட்டு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் வந்தது, வீட்டுக்குப் போய் மெஷினை எடுத்தது, மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சத்யம் பறயடா, எவிடந்நு கிட்டி இது?"

எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்கள், நான் வாய் திறக்குமுன் கன்னத்தில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பாலராமபுரம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் காவலுக்குப் படுத்திருந்த ஞானமுத்து என்கிற டைல்ஸ்காரரைச் சுத்தியலால் மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டுச் சாமான்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சாக்கில் போன மெஷின் இது. அவரும் நம் ஆள்தான், களியக்காவிளைக்காரர்.

அவருடைய மனைவியைக் கூட்டிவந்தார்கள். அந்தம்மா பெயர் லீலா. மேசை மேல் இருந்த மெஷினைப் பார்த்தார், பிடியிலிருந்த துணியைத் தடவினார். அவருடைய சேலைக் கிழிசல்தான் அது, புருஷனுக்குக் கை வழுக்காமல் இருக்க அவரே தைத்தது. பிறகு என் பக்கம் திரும்பிச் செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தார். ஒரு போலீஸ்காரரும் தடுக்கவில்லை. என் உதடு கிழிந்தது. "எனக்க மாப்பிள்ளய எதுக்குடா கொன்ன, எதுக்குடா கொன்ன" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் வாங்கிக்கொண்டேன், என்ன சொல்லி நிறுத்துவது?

கை ஓய்ந்ததும் இன்ஸ்பெக்டர் அவரிடம் நான் சொன்னதைச் சொன்னார், பிளக் மாட்டாமலே மெஷின் ஓடி மச்சினனை அறுத்தது என்கிறான் என்று. அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"இது எப்படிடா ஓடும்? இதுக்க ஆர்மேச்சர் எங்கிட்டல்லா இருக்கு."

ஆர்மேச்சர் என்பது உள்ளே சுழலுகிற உருளை, செம்புக் கம்பி சுற்றினது. கரண்ட் வந்தால் அதுதான் சுற்றும், அதுதான் பிளேடையும் சுழற்றும். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் டப்பா. ஞானமுத்து மெஷின் புகைகிறது என்று அதைக் கழற்றி, புதுக் கம்பி சுற்ற வைண்டிங் கடையில் கொடுத்திருந்தாராம். அதற்கு அடுத்த நாள்தான் அவரைக் கொன்றது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுக்க, அந்தம்மா அதை வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் ஆளைக் கூப்பிட்டு என் கண் முன்னாலேயே திருகாணிகளைக் கழற்றச் சொன்னார். திறந்தார்கள். உள்ளே கொஞ்சம் கல்தூசி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்திருக்கிறேன், கனம் இருந்தது, சூடு இருந்தது, கார்பன் கருகுகிற வாசனைகூட வந்தது. இதைச் சொன்னதற்கு இன்னொரு அடி விழுந்தது. இப்போது அவர்கள் கணக்கு ரொம்பச் சுலபமாகிவிட்டது. ஞானமுத்துவைக் கொன்றவனும் நான், மச்சினனை வேறு எதையோ வைத்து அறுத்தவனும் நான். பிரேமா சொன்னதை, பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள். மணி கண் திறக்காவிட்டால் என் கதை அதோடு முடிந்தது. அந்த ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மணி கண் திறந்தான். போலீஸ் கேட்டதற்கு, அத்தான் என்னைத் தொடவில்லை, மெஷின்தான் அறுத்தது, கரண்ட் இல்லாமல்தான் ஓடியது என்று நான் சொன்னதையே சொன்னான். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழியே இருக்கவில்லை. தம்பானூர் டீக்கடையின் கேமராவில் பைக் நம்பர் கிடைத்து, ஹெல்மெட்காரனும் அவன் கூட்டாளியும் பிடிபட்டார்கள். மெஷின் ஓடாது என்று அவனுக்குத் தெரியுமாம். எப்படியாவது ஏமாற்றி என் தலையில் கட்டிவிடலாம் என்று வந்திருக்கிறான். டீக்கடையில் ஓடினதைப் பார்த்து அவனுக்கே குலை நடுங்கிவிட்டதாம்.

என்னை விட்டார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணியின் கை தப்பிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை, இனி கரண்டி பிடிக்க முடியாது. ஸ்டேஷனில் நடந்ததை அவனிடம் சொன்னேன், மெஷினைத் திறந்ததையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லியா அத்தான்?"

"இல்லடே. தூசிதான்."

குனிந்து கைக்கட்டைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"பின்ன நான் அமுக்கிப் பிடிச்சப்ப, உள்ள இருந்து ஒரு ஆளு மூச்சு வாங்குனாரே, அது உங்களுக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. மெஷின் சத்தம்தான் கேட்டது. மணி இந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூடத் திடீரென்று நிமிர்ந்து, நிஜமாகவே கேட்கவில்லையா அத்தான் என்கிறான்.