மாவுக்கு நூற்றைந்து டிகிரி

முதலிலேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். அந்தப் பத்தாவதிலும் அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் இந்த வாரப் பத்தியில் இயற்பியல் பற்றி எழுத வந்திருக்கிறேன்... படித்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

போன திங்கட்கிழமை காலையில் வாணி போன் செய்தார். வாணி, பீளமேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர். அந்த ஹாஸ்டலுக்கு இட்லி மாவு போவது என் வீட்டிலிருந்துதான். மதியம் ஆட்டி, சாயங்காலம் வாளிகளில் கொடுத்துவிடுவேன். இரவு அங்கே புளித்து, காலையில் இட்லியாகும்.

“அக்கா, இன்னிக்கும் மாவு பொங்கி மூடியத் தள்ளிப்போட்டுதுங்க. தரையெல்லாம் மாவு. வாயில வெக்க முடியலைங்க, அத்தன புளிப்பு. ஒரு புள்ள கேக்குது, ஏனுங்கக்கா, இது இட்லிங்களா, இட்லி ஊறுகாய்ங்களான்னு!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை.

“ஹாஸ்டல் மேடம் ஒண்ணு சொன்னாங்கக்கா. இன்னிக்கும் நாளைக்கும் மாவு வேண்டாமாமா, புதன்கெழம மாவு ஒருக்காப் பாக்கலாம்னாங்க. வெயாழன் காலைல இட்லி புளிச்சா, வேற ஆளப் பாத்துருவாங்களாமா. எனக்குச் சொல்லவே சங்கட்டமா இருக்குதுங்க.”

வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு, எங்கள் வீடு ஓடுவது இந்த ஹாஸ்டல் மாவில்தான். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

என்ன மாறியது? அரிசி அதே கடை. உளுந்து அதே உளுந்து. உப்பு அதே கை. ஆனி மாதம், பாலக்காட்டுக் காற்று ஜன்னலைப் படார் படாரென்று அடிக்கிறது. வெயில் என்று பழி போடவும் வழியில்லை.

மாறியது ஒன்றே ஒன்று. கிரைண்டரின் மோட்டார்.

என் கொழுந்தனார் செந்தில், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற எங்கள் ஊர் சங்கதி உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்காமல் விட்டாலும் விடுவோம், மோட்டாருக்கு எச்.பி. பார்க்காமல் விடமாட்டோம். அரை எச்.பி. மோட்டாரோடு நான் மாரடிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், வாணி போன் செய்வதற்கு எட்டு நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து ஒரு எச்.பி. மோட்டாரை மாட்டினார். கல் வேகமாகச் சுற்ற, பெல்ட் ஓடுகிற புல்லியையும் மாற்றினார். “இப்ப கல்லு பறக்கும் பாருங்க அண்ணி” என்றார். காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படிப்பட்டவரிடம் போய், ‘தம்பி, உங்க மோட்டார்தான் என் மாவைக் கெடுக்கிறது’ என்று எந்த வாயால் சொல்வது?

சொல்வதானாலும் காரணம் தெரிய வேண்டாமா? வேகமாகச் சுற்றினால் மாவு ஏன் புளிக்க வேண்டும்?

“அந்த மோட்டாரக் கழட்டிப்போட்டு வேற கிரைண்டர் வாடகைக்கு எடுத்துக்க அம்மணி. ரோசனை என்னத்துக்கு?” என்றார் வீட்டுக்காரர்.

சுலபமான வழிதான். ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் தெரியாமல் கழற்றினால், அடுத்த தடவை எதைக் கழற்றுவது?

அன்று மதியம் எங்கள் தெரு வீடுகளுக்குக் கொடுக்கிற மாவுக்காகக் கிரைண்டரைப் போட்டுவிட்டு, வாசலில் இருக்கும் மின்சார மீட்டரைப் போய்ப் பார்த்தேன். அதிலிருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த வீட்டுக்காரரிடம் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். மினுங்கல் அடங்கியது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி மினுங்கியது. ஆக, வீட்டுக்குள் ஏதோ வருகிறது. வருவது எங்கே போகிறது?

பத்தாவதில் ஒரு வரி மனப்பாடம் செய்திருந்தேன். ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாற்ற மட்டுமே முடியும்.’ பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒரே கேள்வி. அர்த்தம்? அன்றும் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியாது. ஆற்றல் என்றால் என்ன? வேலை செய்யும் திறன். இதுவும் மனப்பாடம்தான். மாமியார் என்றால் யார் என்று கேட்டால், புருஷனுடைய அம்மா என்று சொல்வது போல. தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு மாமியாரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அன்று சாயங்காலமே பஸ் ஏறி உக்கடம் போனேன். பழைய புத்தகக் கடையில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பையனுக்குங்களா, பொண்ணுக்குங்களா?” என்றார் கடைக்காரர்.

எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “பொண்ணுக்குங்க” என்றேன். எனக்குப் பெண்ணே கிடையாது.

“நல்லாப் படிக்கச் சொல்லுங்க. கணக்கு புக்கும் போட்டுத் தரட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

புத்தகத்தில் வில் இருந்தது. அணைக்கட்டு இருந்தது. ஓடுகிற பஸ் இருந்தது. கிரைண்டர் இல்லை. எங்கள் ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் முதல் படமே கிரைண்டராகத்தான் இருந்திருக்கும். போகட்டும்.

ஒவ்வொரு படமாக வைத்துக்கொண்டு என் கிரைண்டரோடு ஒப்பிட்டேன். வில்லை இழுத்து விட்டால் அம்பு பறக்கிறது, சரி. தண்ணீரை மேலே தேக்கினால், விழும்போது சக்கரத்தைச் சுற்றுகிறது, அதுவும் சரி. என் கிரைண்டரில்? நாற்பது நிமிடம் கல் சுற்றுகிறது. மாவு மேலே ஏறவில்லை. எங்கும் பறக்கவில்லை. சுவிட்சை அணைத்தால் கல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அழியாது என்கிறார்களே... அப்படியானால் நாற்பது நிமிடமும் மீட்டரில் மினுங்கியது எங்கே போய் ஒளிந்துகொண்டது?

அடுக்களையில் நின்றபடி கையைப் பார்த்தேன். தினமும் மாவு வழிக்கிற கை. ஒரு வாரமாக அந்தக் கைக்கு ஒன்று தெரிந்திருந்தது. மாவு வெதுவெதுவென்று இருந்தது. புது மோட்டார், பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன்.

மீட்டரில் மினுங்கியது வேறெங்கும் போகவில்லை. மாவுக்குள்தான் போயிருக்கிறது. சூடாக!

கொதிக்காத சூடு, நெருப்பில்லாத சூடு. கல்லும் மாவும் உரசி உரசி, வந்த கரண்டெல்லாம் கடைசியில் அதில் போய் உட்கார்ந்திருக்கிறது. சூடான மாவு சீக்கிரம் புளிக்கும் என்பது எந்த அடுக்களைக்கும் தெரியும். ஆக, என்னிடம் இருந்தது கிரைண்டர் மட்டுமல்ல, பாதி அடுப்பு.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஹாஸ்டல் போய்விடும் என்ற பயம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது. ஆற்றல் என்று தனியாக ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் அம்மணி, கொழுந்தனாருக்கு அண்ணி, ஹாஸ்டலுக்குப் போனால் மாவுக்கார அக்கா. ஆள் ஒன்றுதான். போகிற இடத்தில் பெயர் மாறுகிறது. கம்பியில் வரும்போது கரண்ட், கல்லில் சுற்றல், மாவில் சூடு. முப்பது வருடம் கழித்து அந்த ஒரு மதிப்பெண் கேள்விக்கு இப்போதுதான் விடை எழுதினேன்.

ஆனால் எனக்குத் தெரிந்தால் போதுமா? கொழுந்தனாரிடம் சொல்ல வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை மதியம் அவரை வரச் சொன்னேன். தெரு வீடுகளுக்கான அரிசியைப் போட்டு ஆட்டத் தயாராக வைத்திருந்தேன். கையில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்.

“என்னுங்க அண்ணி, மாவுக்கு ஒடம்பு செரியில்லீங்களா? மாத்திரை வாங்கியாரட்டா?”

வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன். “தம்பி... தப்பா எடுத்துக்காதீங்க... மோட்டார் நல்லாத்தான் இருக்குது. ஆனா மாவு சூடாகுதுங்க. அதுலதான் புளிச்சுப்போகுது.”

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “மோட்டாரோட சூடு மாவுக்கு ஏறியிருக்கும்ங்க. கூட்டுக்குள்ள காத்து பத்தலையோ என்னமோ.”

இதைத்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். மோட்டார் சூடுதான் காரணம் என்றால் இதுவும் சுடட்டும் என்று, மோட்டாரை ஒட்டி ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தேன். தெர்மாமீட்டரை அதில் விட்டேன். எழுத்தில் ‘லோ’ என்று காட்டியது. ஆளாக இருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அர்த்தம். அரிசியிலும் விட்டேன். அதுவும் ‘லோ’.

கிரைண்டரைப் போட்டோம். இருபதாவது நிமிடம் நிறுத்தி, ஒரு கரண்டி மாவைத் தட்டில் எடுத்துச் சூடு பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

“நார்மலுங்க” என்றார் செந்தில். “டிஸ்சார்ஜ் பண்ணிப்போடலாம்.”

மறுபடி போட்டோம். நாற்பதாவது நிமிடம் மாவு நூற்றைந்து! தெர்மாமீட்டர் பீப் பீப் என்று கத்தியது. மோட்டார் பக்கத்துச் சொம்பில் வைத்தால், இன்னும் ‘லோ’.

கொழுந்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டார். சொம்பைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். பட்டறைக்காரர் அல்லவா, விஷயம் பிடிபட்டுவிட்டது.

“பழைய மோட்டாரே மாட்டித் தந்தர்றனுங்க அண்ணி. வேற ஒருத்தருக்குக் குடுத்துப்போட்டேன்... கேட்டு வாங்கியாரேன்.” குரல் இறங்கிவிட்டது.

அதற்குள் அவர் தட்டில் இருந்த இருபது நிமிட மாவை விரலில் எடுத்து உரசிப் பார்த்தார். மறுபடி உரசினார். “ஏனுங்க அண்ணி, இதத் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். வெண்ணெய். குருணை ஒன்றில்லை. நாற்பது நிமிட மாவைத் தொட்டேன். அதுவும் வெண்ணெய்தான். வித்தியாசமே இல்லை.

“இருவது நிமிசத்துலயே அரைஞ்சு முடிஞ்சுதுங்களே! அப்பறம் எதுக்குங்க இன்னொரு இருவது ஓட்டுறீங்க? நேரம் மிச்சமாகட்டும்னுதானுங்க புல்லியவே மாத்துனேன்!”

பதில் இதுதான். அந்த நாற்பது நிமிடம்தான் என் எழுத்து நேரம். கிரைண்டரைப் போட்டு, நாற்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து உங்களுக்காக எழுதுவேன். மோட்டார் மாறியது. அலாரத்தை நான் மாற்றவில்லை. கல் தன் வேலையை முடித்த பிறகும், நான் வாக்கியத்தை முடிக்கவில்லை என்பதற்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்ட வேறொன்றும் இல்லாத நிலையில், வந்த ஆற்றல் எல்லாம் சூடாக மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கொழுந்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வீடே அதிரச் சிரித்தார்.

“அப்ப குத்தவாளி மோட்டாரும் இல்ல, புல்லியும் இல்ல... உங்க பேனாவுங்க!”

“அதத்தான் நானும் இத்தன வருசமாச் சொல்றேன், ஒருத்தரும் கேக்கறதில்ல” என்றார் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து.

யோசித்துப் பார்த்தால், இது கிரைண்டருக்கு மட்டுமா? எங்கள் சொந்தத்தில் சில பேச்சுகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் விடாமல் ஆட்டுவோம். ஆட்ட ஒன்றும் இருக்காது. கிடைப்பது சூடு மட்டும்தான். மறுநாள் பார்த்தால் எல்லாம் புளித்துக் கிடக்கும்.

புதன்கிழமை அலாரம் வைக்கவில்லை. பேப்பரைத் தொடவில்லை. கிரைண்டர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பதினைந்தாவது நிமிடத்திலிருந்து விரலால் உரசிப் பார்த்தபடி இருந்தேன். தண்ணீருக்குப் பாதி ஐஸ் சேர்த்தேன். பத்தொன்பதாவது நிமிடம் குருணை மறைந்தது. அந்த நொடியே சுவிட்சை அணைத்தேன். கையை விட்டு வழித்தால் சில்லென்றிருந்தது. தெர்மாமீட்டரையும் விட்டுப் பார்த்தேன். ‘லோ’. ஒரு வியாதிக்காரருக்கு அந்த எழுத்து வந்ததற்காக இவ்வளவு மகிழ்ந்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாளிகளில் நிரப்பி, உப்பு போட்டுக் கையால் கலக்கி, சாயங்காலம் அனுப்பினேன். வாணிக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பலாமா என்று தோன்றியது. கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. அனுப்பிவிட்டு உட்கார்ந்து இதை எழுதினேன், அரவமில்லாத வீட்டில். கல் ஓடுகிற சத்தம் இல்லாமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. வார்த்தை வர நேரமானது. இந்த வாரம் பத்தி கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் அதுதான் காரணம்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு வரி சேர்க்கிறேன். மறுநாள், வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு வாணி போன் செய்தார். இட்லி தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்கும் அதே அளவு மாவு வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு அரிசியை ஊற வைத்தேன்.