அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்றார்கள்

எனக்கு நிச்சயம் செய்ய நாள் பார்த்திருந்த மாதத்தில்தான் என் அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்ற பேச்சு எங்கள் லைன் வீடுகளில் கிளம்பியது. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. ஆசிரியைப் பயிற்சி முடித்து, பீளமேட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நாற்பத்தாறு.

பக்கத்து வீட்டு அக்கா கிணற்றடியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “ஏனம்மணி, உங்கம்மா நாலு மாசமா ஒதுங்கவே காணமே. விசேசமா?”

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

எட்டு வீடுகளுக்கு ஒரே வாசல், ஒரே கிணறு. மாதத்தில் மூன்று நாள் எந்த வீட்டுப் பெண் அடுப்படிக்குப் போகாமல் பின்பக்கம் உட்காருகிறாள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அம்மா அப்படி உட்கார்ந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதை அந்த அக்கா சொல்லித்தான் நான் உணர்ந்தேன். அன்று அம்மா மில்லிலிருந்து வந்ததும் அவள் வயிற்றைப் பார்த்தேன். புடவைக் கட்டுக்கு மேலே அது உண்மையிலேயே ஏறியிருந்தது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து விட்டிருந்தாள்.

அம்மா பஞ்சாலையில் ரீலிங் பகுதியில் வேலை செய்தாள். நூலைச் சுற்றிச் சிட்டமாக எடுக்கும் இடம் அது, பெரும்பாலும் பெண்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. அது முடிந்து வந்து, ஆழமான அந்தக் கிணற்றில் ஒரே மூச்சில் பத்துக் குடம் சேந்துவாள். ஐந்து பெற்று, நானும் தம்பியுமாக இரண்டுதான் மிஞ்சினோம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பதாம் மாதம் வரை மில்லுக்குப் போனவள் என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். அவள் களைத்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் அவள் உட்கார ஆரம்பித்தாள். இரண்டாவது குடத்திலேயே கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். மார்கழிக் குளிரில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன இப்புடிக் காந்துது” என்பாள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த அக்கா கேட்ட பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

அப்பா பம்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்தார். அவர் காதுக்கும் பேச்சு போயிருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. அவள் “ஏனுங்க, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் வந்து உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் எழுந்து போவார்.

மாப்பிள்ளை வீடு பல்லடம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவருக்கும் என் அம்மா வயதுதான் இருக்கும். காப்பி கொடுக்கக் குனிந்த அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பொண்ணோட பேறுகாலத்துக்கு அம்மா வரோணும். இங்க அம்மாவோட பேறுகாலத்துக்குப் பொண்ணு ஓடி வரோணுமாட்ட இருக்குதே” என்றார். சிரிக்காமல் சொன்னார். நாங்கள் யாரும் வாய் திறக்கும் முன் எழுந்து போய்விட்டார். நிச்சயம் இப்போதைக்கு வேண்டாம் என்று மறுநாள் ஆள் வந்து சொன்னது.

அன்று நான் அம்மாவிடம் கேட்ட கேள்வியை இங்கே எழுதத்தான் வேண்டும். “இந்த வயசுல உனக்கு வெக்கமா இல்லியா?” என்று கேட்டேன். அம்மா சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். கை நின்றது. மறுபடி மெழுகினாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் போல நான் அவளிடம் பேசவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மில்லில் அம்மாவோடு வேலை செய்யும் பெண் பள்ளிக்கூட வாசலுக்கே ஓடி வந்தாள். “அம்மணி, உங்கம்மா ரீலு மேலயே சாஞ்சு உழுந்துபோட்டாங்க. சீக்கிரம் வா கண்ணு.”

ஓடும்போதே அவள் இன்னொன்றும் சொன்னாள். “எப்பிடி நிப்பாங்க? சோத்துப் போசிய ஒரு மாசமா எனக்குத்தான் குடுத்துர்றாங்க. மோர்த் தண்ணிதான் குடிக்கறாங்க. கேட்டா வவுறு பெருசாத் தெரியப்படாதுங்கறாங்க.”

அம்மாவும் நானும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தவர்கள். அவள் தின்னவில்லை என்பது எனக்குத் தெரியாது.

குதிரை வண்டி பிடித்து டவுனுக்குள் ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனோம். பவுண்டரியிலிருந்து அப்பாவும் கரிக் கையோடு வந்து சேர்ந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. டாக்டரம்மா அரை மணி நேரம் சோதித்துப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

“இவங்க கர்ப்பமா இல்லம்மா. கட்டி கிட்டின்னும் ஒண்ணும் இல்ல.”

அம்மா மேசையில் எழுந்து உட்கார்ந்தாள். “இல்லீங்களா?”

“இல்ல. உங்களுக்குத் தீட்டு நிக்கிற வயசு. அவ்வளவுதான்.”

அம்மா டாக்டரம்மாவின் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகையா வேறு என்னவா என்று எனக்குப் புரியவில்லை. “அப்ப நான் எதையும் கொல்லலீங்களா? சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மருந்துக்காரம்மாகிட்டக் கசாயம் வாங்கி மூணு தடவ குடிச்சுபோட்டனுங்க. புள்ள போயிரோணும்னு. பொண்ணு கலியாணம் நடக்கோணுமேன்னு.”

நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். வெட்கமில்லையா என்று நான் கேட்டதற்குப் பிறகு அவள் தனியாக நடந்து போய் வாங்கிக் குடித்திருக்கிறாள். செத்துப்போயிருக்கலாம். நான் அடுத்த அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

டாக்டரம்மாவுக்கும் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். ஹார்மோன் என்ற சொல்லை நான் முதல் தடவையாகக் கேட்டது அங்கேதான். பெண் உடம்புக்குள் ஊறும் ஒரு சுரப்பு என்றார். இந்த வயதில் அது குறைந்துபோகும். அதனால்தான் திடீரென்று வேர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, முன்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது, தசையும் வலு குறைகிறது. அம்மாவின் மேல்கையைப் பிடித்து எனக்குக் காட்டினார். தோலுக்கு அடியில் சதை தொளதொளவென்று ஆடியது. பத்துக் குடம் சேந்திய கை அது.

“பட்டினி கிடந்தா வயிறு போயிடும்னு நெனச்சீங்க. வயிறு அப்படியேதான் இருக்கு, உங்க சதைதான் கரைஞ்சு போயிருக்கு. ரத்தமும் இல்ல. நல்லாச் சாப்பிடணும். முட்டை, பருப்பு, கீரை, பால்.”

“சாப்பிட்டா இன்னும் பெருக்க மாட்டனுங்களா?”

“கொஞ்சம் பெருத்தாப் பெருத்துட்டுப் போங்க. படுத்துக்கிட்டே இருக்காதீங்க. சின்னக் குடமா எடுத்துத் தண்ணி இறைங்க. கைக்கு வேலை குடுத்தாத்தான் கையில வலு நிக்கும்.”

வெளியே வந்து அப்பாவிடம் நான்தான் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “தீட்டு நிக்கற வயசாம்ப்பா. வேற ஒண்ணுமில்லீங்களாம்” என்றேன். அப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவின் கையை விடவில்லை. அவர்கள் இருவரும் கைகோத்து உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எனக்கு அந்தத் திகைப்பு பல நாள் தீரவில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இரைப்பை, நுரையீரல் எல்லாம் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். ஐந்து பெற்றவள் அம்மா. எட்டு வீட்டிலும் பெண்கள். இப்படி ஒன்று எல்லோருக்கும் வரும் என்று ஒருத்திகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

தினமும் காலையில் முட்டையை அவித்து அம்மா முன்னால் வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும் வரை நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதத்தில் மில்லுக்குத் திரும்பினாள். சின்னக் குடத்தில் தொடங்கி, ஆடி மாதத்துக்குள் பெரிய குடத்தில் நான்கு சேந்தினாள். பத்து என்பது திரும்பி வரவேயில்லை. வயிறும் குறையவில்லை. புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, “தாராளமா வெட்டுங்க” என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டாள்.

ஆவணியில் பல்லடத்து அம்மா திரும்ப வந்தார். விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கல்யாணத்தை எடுக்கவே இல்லை. அப்பா வெளியே போகும் வரை காத்திருந்தார். பிறகு என் அம்மாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

“சம்பந்தியம்மா, அந்த டாக்டரம்மா ஊடு எங்கீங்க? நான் ஒதுங்கி எட்டு மாசமாச்சுங்க. ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கு உங்க வவுத்தப் பாத்தப்ப பயந்து போனனுங்க. எனக்கும் அப்பிடித்தானிருக்குமோன்னு.”

அம்மா என்ன செய்வாளோ என்று பயமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நான் கதவைத் திறந்து நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அம்மா கையிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள். பிறகு, “நாளைக்கே போலாமுங்க. நானும் கூட வாரேன்” என்றாள்.

வீட்டு ஆண்களிடம் பெரிய கடை வீதிக்குக் கல்யாணப் புடவை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் காலை பஸ்ஸில் ஏறினார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். புடவை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.