கார்டைத் தூக்குங்கள், பெயர் பார்க்க மாட்டேன்

1. என் தலையில் விழுந்த வேலை

"ஏனுங்க மேடம், குழு வர்றதுக்குள்ள நம்ம கிளாஸ்ல ஏதாச்சும் லைவ்வா நடக்கணுங்க" என்றார் பிரின்சிபால்.

கல்லூரிக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். சுவருக்கு வெள்ளையடிப்பார், பூந்தொட்டிகளை இடம் மாற்றுவார், எங்களை எல்லாம் ஒரு பாடு படுத்துவார். அந்த முறை கோயம்புத்தூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் 'லைவ் போலிங்' பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆசிரியர் கேள்வி கேட்பார், மாணவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்வார்கள், எந்தப் பதிலுக்கு எத்தனை பேர் என்று திரையில் பட்டை ஏறும். அதற்கு எந்தக் கருவி வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் பொருளாதாரத் துறை. புள்ளியியல் தாளும் நடத்தினேன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

எங்கள் மலையில் பச்சைத் தேயிலை விலை விழுந்து, எழுந்திருக்காமலே கிடந்த வருடங்கள் அவை. என் மாணவர்களில் பாதிப் பேர் சிறு தோட்டக்காரர்களின் பிள்ளைகள், மீதியில் பெரும்பாலோர் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள். வகுப்பில் 'தேவையும் அளிப்பும்' நடத்தினால் என்னைவிட அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

முதலில் வந்தது கிளிக்கர். டிவி ரிமோட் போல ஆளுக்கு ஒன்று. கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி பெட்டியைத் திறந்து அழகாக விளக்கினார். விலையைக் கேட்டதும் பிரின்சிபால் டீ கூடச் சொல்லாமல் அவரை அனுப்பிவைத்தார்.

அடுத்து, செல்போனில் லிங்க் திறந்து பதில் சொல்லும் வகை. காசில்லை. ஆனால் பெஞ்சுக்கு ஒரு போனில்தான் டேட்டா இருந்தது. மூன்று பேர் ஒரு போனுக்குள் தலையை விட்டு, பேசி முடிவெடுத்து ஒரு பதில் போட்டார்கள். கணக்குக்கு வந்தது பெஞ்சுகள்தான். பெயர் போட வேண்டாம், கருத்தை டைப் செய்யலாம் என்றதும், "விலை மீட்சிக்கு வழி என்ன?" என்ற என் கேள்விக்கு "பசிக்குது மேம்" என்று பெரிய எழுத்தில் ஒரு பதில் திரையில் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மதிய உணவுக்குப் பெல் அடித்த பிறகும் அது எனக்கு நினைவிலேயே இருந்தது.

மூன்றாவதுதான் கார்டு. ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் A, B, C, D. எது உங்கள் பதிலோ அந்த ஓரம் மேலே இருக்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், திரையில் பட்டை ஏறிவிடும். மாணவரிடம் போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கும் பதில் தெரியாது. இதுதான் நமக்கு ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு சங்கதி. கார்டின் கட்டங்கள் ஆளுக்கு ஆள் வேறு, அந்தந்த ரோல் நம்பருக்கு உரியவை. திரையில் எண்ணிக்கை மட்டும்தான் வரும். ஆனால் என் போனில் 'ரிப்போர்ட்' என்ற பொத்தானைத் தொட்டால், யார் எதைத் தூக்கினார்கள் என்று பெயரோடு வரும். பிரின்சிபாலுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

2. ஒரே ஒரு B

முந்தைய செமஸ்டர் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது சில இடங்கள் காலியாக இருந்தன. யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. டி.சி. வாங்கக்கூட வரவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்ற கோபம்.

அடுத்த விடுமுறை நெருங்கியது. வகுப்பில் கார்டுகளை எடுக்கச் சொன்னேன்.

"அடுத்த செமஸ்டர் வருவீங்கன்னா A. படிப்ப நிறுத்தப் போறீங்கன்னா B. பேர் என் போன்ல வரும், ஆனா நான் பாக்க மாட்டேன். என்னை நம்பலாம்."

கார்டுகள் மேலே போயின. போனைச் சுற்றினேன். A பட்டை திரையின் உச்சிக்குப் போயிற்று. B-யில் ஒன்று.

அது யார் என்று யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால், வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்ல பேர் வருமில்லீங்க? யாருன்னு பாருங்க. அப்பா அம்மாவக் கூப்பிட்டுப் பேசிப்போடலாம்."

"பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேனுங்க சார்."

"நல்லதுக்குத்தானுங்க பாக்கறோம்? லீவுல போச்சுன்னா அந்தப் புள்ள திரும்பாதுங்க. அப்புறம் உங்க வாக்க வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டேன். போன் மேசையில் இருந்தது. தொட்டால் பெயர் வந்துவிடும், பெயர் வந்தால் அந்தப் பிள்ளை தப்பித்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. என் பேச்சைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையைக் கைவிடுகிறேனோ என்று பயந்தேன். இன்னொரு பக்கம், பார்த்துவிட்டால் இந்த வகுப்பு இனி எனக்கு உண்மையான பதில் ஒன்றுகூடத் தராது என்பதும் தெரிந்தே இருந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

3. எல்லோரும் A

மறுநாள் திரும்பவும் கார்டை எடுக்கச் சொன்னேன்.

"நேத்து B தூக்கினவங்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி. என்கிட்டப் பேசறதுன்னா A, வேண்டாம்னா B. மத்தவங்க எல்லாரும் B புடிச்சுக்குங்க."

ஒரு A வரும், அல்லது வராமலே போகும் என்று நினைத்தேன். போனைச் சுற்றிவிட்டுத் திரையைப் பார்த்தால் அத்தனை பேரும் A. போனில்தான் ஏதோ கோளாறு என்று இன்னொரு முறை சுற்றினேன். அதேதான்.

"விளையாடறீங்களா?" என்று சத்தம் போட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து பிரகாஷ் எழுந்தான். வகுப்பில் வாய் திறக்கவே காசு கேட்பான்.

"இல்லீங்க மேம். ஒருத்தர் மட்டும் உங்க ரூமுக்கு வந்தா காலேஜே பாக்குமில்லீங்களா? அதான் எல்லாரும் வரலாம்னு. எங்கம்மா வேலை செய்யற எஸ்டேட்ல சூப்பர்வைசர் வந்து 'எவ லேட்டு'ன்னு கேட்டா, மொத்த வரிசையும் கைய தூக்கிருவாங்க மேம்."

நான் போனைக் கீழே வைத்தேன். "சரி, ரோல் நம்பர்படி வாங்க. ஆளுக்கு ஒரு இன்டர்வெல்" என்றேன்.

வந்தார்கள். ஸ்டாஃப் ரூம் மூலையில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டேன். சிலர் ஒன்றும் பேசாமல் ஜன்னலையே பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் பஸ் பாஸ் பற்றிக் கேட்டான். ஒருத்தி காதல் தோல்வியைச் சொல்லி என் கைக்குட்டையை நனைத்துவிட்டுப் போனாள். பிரகாஷ் வந்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க மேம், வரிசைக்கு வந்தேன்" என்றான்.

சுகந்தி வந்தாள். குந்தா பக்கத்தில் ஒரு எஸ்டேட்டிலிருந்து மஞ்சூர் பஸ்ஸில் வருகிறவள். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம்.

"ஃபேக்டரிய மூடிட்டாங்க மேம். நாங்க குடியிருக்கற லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போறாரு. இங்க நான் எங்க தங்கறது?"

"ஹாஸ்டல்?"

"ஹாஸ்டல் ஃபீஸ அப்பாகிட்ட நான் கேக்க மாட்டேன் மேம். ரம்யா அவங்க வீட்ல இருன்னு சொல்றா. அவங்கம்மாவும் சரின்னுட்டாங்க. அப்பாதான் அடுத்தவங்க வீட்ல எப்படி விடறதுங்கறாரு."

ரம்யா மஞ்சூர்க்காரி, மலையிலேயே ஊரும் வீடும் உள்ள படுகர் வீட்டுப் பெண். இருவரும் ஒரே பஸ், ஒரே பெஞ்ச். இதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

சுகந்தியிடம் கேட்டுக்கொண்டு பிரின்சிபாலிடம் சொன்னேன். ரிப்போர்ட் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வளைவுகளில் எனக்குக் குமட்டியது, அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. சுகந்தியின் அப்பா எங்களை உட்காரவைத்துப் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தார். பிரின்சிபால் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒரே ஒரு வருசந்தானுங்க பாக்கி. நீங்க தைரியமா திருப்பூர் போங்க. புள்ளைக்கு நானும் மேடமும் ஜவாப்தாரி. போதுமுங்களா?"

அப்பா காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, "ரம்யா வீட்ல அம்மாவுக்கு ஒத்தாசையா இருந்துக்க" என்றார்.

4. சுகந்தி சொன்னது

ஒரு வருடம் கழித்து, கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சுகந்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். சும்மா பேசிக்கொண்டிருக்கையில், "அன்னிக்கு நீ மட்டும் B தூக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்" என்றேன்.

"நான் எங்க மேம் B தூக்கினேன்? A தான் தூக்கினேன்."

"அப்ப அந்த ஒரு B?" என்றேன்.

"படிப்ப நிறுத்தறேன்னு தூக்க மனசே வரல மேம். கையி A-க்குத்தான் போச்சு. பக்கத்துல இருந்த ரம்யா, எனக்காக அவ கார்ட B-க்குத் திருப்பிட்டா. எனக்கே பஸ்ல போறப்பத்தான் சொன்னா."

அது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் இளைய ஆசிரியர்கள் எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். விலையைப் பாருங்கள், டேட்டா இல்லாத பிள்ளைக்கும் ஆகுமா என்று பாருங்கள், பெயர் யார் கைக்குப் போகும் என்று கட்டாயம் கேளுங்கள் என்கிறேன். வாங்கிய பிறகு ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாற்காலியும் போட்டு வையுங்கள் என்றும் சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வதுண்டு. அன்று நான் ரிப்போர்ட்டைத் திறந்திருந்தால், எந்தக் குறையும் இல்லாத ரம்யாவைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். சுகந்தியின் பெயர் 'வருவேன்' என்ற பக்கத்தில் இருந்திருக்கும்.