மாடியில் ஒரு வளவு

போன திங்கட்கிழமை காலை, கந்தோரில் என் மேசையில் அமர்ந்து பேனாவை மையில் தோய்க்கப் போன வேளையில் பியூன் கோவிந்தசாமி பக்கத்தில் வந்து நின்றான். வாசலில் இருந்தே உரக்கக் கூப்பிடுகிற பழக்கம் உடையவன், அன்று குனிந்து மெல்லச் சொன்னான்: "ஐயா, நம்ம வேலுப்பிள்ளை ஐயா விடியக்காலம் தவறிட்டாங்க. அம்மா உங்கள உடனே வரச் சொன்னாங்க."

முந்தின சனிக்கிழமைதான் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருமலும் இளைப்புமாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். "அடுத்த கிழமை கந்தோருக்கு வருவன், சபாபதி. என்ரை மேசையை ஆருக்கும் குடுத்துப்போடாதையும்" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலுப்பிள்ளையரும் நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். இருவருக்கும் ஒரே கந்தோரில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சிராங்கூன் வீதியில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். அவருக்கு ஊரில் மனைவி இருந்தார், பெயர் சின்னத்தங்கம். சிங்கப்பூருக்கு வரும்படி இவர் எழுதிய கடிதத்துக்கு அந்த அம்மையார், "வளவில்லாத வீட்டிலை என்னண்டு குடியிருக்கிறது?" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வளவு என்போம். வாழையும் முருங்கையும் செவ்வரத்தை என்கிற செம்பருத்தியும் நிற்கிற, வேலியடைத்த வளவில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

இன்னொருவராயிருந்தால் கோபித்திருப்பார். வேலுப்பிள்ளையர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அறையின் பின்கதவைத் திறந்தார். அங்கே கீழ்வீட்டு அடுக்களைக்கு மேலே ஒரு சிறு மொட்டைத்தளம் இருந்தது. நாங்கள் வேட்டி உலர்த்துகிற இடம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "வளவுதானே கேக்கிறா? செய்து குடுப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, வீதியின் கோடியில் ஒரு சீன முதலாளி, ஊர்வழக்கில் தவுக்கே, நடத்திய செடித்தோட்டத்துக்குப் போனார். அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் வரிசை வரிசையாக மண்சட்டிகள். ஈர மண்ணும் எருவும் கலந்த வாடை. தவுக்கே பூத்துக் குலுங்குகிற செடிகளையே முன்னால் நகர்த்தி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் புகழ்வார். இவர் அவற்றைத் தாண்டிப் போய், பின்வரிசையில் இருக்கிற சின்னக் கன்றுகளை இலையைப் புரட்டி, சட்டியைச் சாய்த்து, அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று சோதிப்பார். வெயில் மத்தியானம் வரைதான் விழும், சுவரோரம் காற்று வராது என்பதையெல்லாம் கையாலும் அரைகுறை மலாயாலும் விளக்குவார். தவுக்கேயும் சளைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுவார்.

ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்று வந்தது. மண்ணெண்ணெய்த் தகரங்களில் துளசி, மல்லிகை, கறிவேப்பிலை. பாதியாக அறுத்த பீப்பாயில் ஒரு குட்டை வாழை. அந்த வாழையை ரிக்சாவில் மடியில் வைத்துக்கொண்டு அவர் வந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இலை முகத்தை மறைக்க, உள்ளிருந்து, "சபாபதி, வீடு வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைசியாகச் செவ்வரத்தைச் செடிகளை ஓரம் முழுவதும் நெருக்கி வைத்தார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "வேலியில்லாத வளவும் ஒரு வளவோ, காணும்?" என்றார்.

சின்னத்தங்கம் அம்மையார் வந்தார். இவர் கப்பலேறியபின் ஊரில் பிறந்த கைப்பிள்ளை பூரணத்தையும் கொண்டு வந்தார். நான் பக்கத்துத் தெருவுக்குக் குடிபெயர்ந்தேன். அம்மையார் வந்திறங்கிய அன்று, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே மாடி ஏறினேன். வேலுப்பிள்ளையர் பின்கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். அம்மையார் வாழையைப் பார்த்தார், துளசியைப் பார்த்தார். "வேலி எங்கை?" என்றார். இவர் ஓரத்தைக் காட்டினார். அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்து அழுதது.

அந்தக் குழந்தை அந்தத் தளத்தில்தான் நடை பழகியது. சிரட்டையில் தண்ணீர் மொண்டு பாதியைச் செடிக்கும் பாதியைத் தன் காலுக்கும் ஊற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனாரின் தோளில் ஏறிச் செடித்தோட்டத்துக்குப் போகும். தவுக்கே ஒரு தோடம்பழம், ஆரஞ்சு, எடுத்துக் கொடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வட்டாரம் முழுவதும் குளிர்காய்ச்சல் பரவியது. பூரணத்துக்கும் வந்தது. கொயினா மருந்து கொடுத்தார்கள். மஞ்சள் துணியில் நேர்ச்சைக் காசு முடிந்தார்கள். பிள்ளை தங்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், வேண்டுமென்று சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இவ்வளவு தகரம் வைச்சிருக்கிறியள். தண்ணி நிண்டால் நுளம்பு பெருகாதோ?"

வேலுப்பிள்ளையர் தலை நிமிரவில்லை. மறுநாள் ஒரு மாட்டுவண்டி பிடித்து, வாழை முதல் துளசிவரை எல்லாவற்றையும் தம் கையாலேயே இறக்கி ஏற்றிச் செடித்தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நான் கூடப் போனேன். தவுக்கேக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்து இரண்டு முழ உயரத்தில் கையை வைத்துக் காட்டி, குழந்தை எங்கே என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். வேலுப்பிள்ளையர் தலையை மட்டும் அசைத்தார். காட்டிய கையைத் தாழ்த்தாமல் அந்த மனிதர் அப்படியே நின்றார்.

எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் பின்னால் எடுத்துச் சொன்னார்: அந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற நுளம்பு, கொசு, சதுப்பு நிலத்தில் பிறப்பது, உம்முடைய தகரத்தில் அல்ல என்று. "இருக்கலாம், டொக்டர்" என்றார் இவர். ஆனால் மழை விட்டதும் பின்சந்தில் இறங்கி, கிடக்கிற சிரட்டைகளையும் உடைந்த சாடிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போவார். அறியாதவர்கள் பைத்தியம் என்றார்கள். வீட்டின் பின்கதவு பூட்டியே கிடந்தது.

சில வருஷங்கள் அப்படிப் போயின. ஒருநாள் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, அந்தச் சீனன்ரை தோட்டம் எங்கை இருக்கு? என்னைக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்றார். என் மனைவியும் துணைக்கு வந்தார். அம்மையார் எதையும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சிறிய தேசிக்காய்க் கன்றின், எலுமிச்சைக் கன்றின், முன்னால் நின்றார். தவுக்கே கையை விரித்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"காய்க்கக் கனகாலம் செல்லுமாம்" என்றேன்.

"செல்லட்டும்" என்றார் அம்மையார்.

கன்றோடு அவர் மாடியேறியபோது வேலுப்பிள்ளையர் படியின் உச்சியில் நின்றார். "உந்தக் கன்றை ஏன் கொண்டுவந்தனீர்?"

"இஞ்சருங்கோ, வளவு கேட்டது நான். நீங்கள் ஒராள் மட்டும் ஏன் சுமக்கிறியள்?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை மண்ணில் வைத்த நாளில்கூட அழாதவர், அன்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதார். அம்மையார் கன்றைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, அழுது முடியும்வரை அவருக்குக் கீழ்ப்படியில் இருந்தார்.

அதன்பின் பின்கதவு திறந்தது. பழைய சிரிப்பு முழுவதும் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகக் கப்பலில் வந்து மாடியறைகளில் குடியேறிய குடும்பங்கள் செடி வாங்கப் போகும்போது அவரைத் துணைக்கு அழைத்தன, அவரும் போனார். "சட்டியின்ரை அடியிலை ஓட்டை இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. தண்ணி தேங்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. காரணம் தெரிந்தவர்கள் நாங்கள் சிலரே.

திங்கட்கிழமை பிற்பகல் அவருடைய அண்ணன் மகன் கொள்ளி வைத்தார். சுடலையில் இருந்து திரும்பி வந்தபின் அந்த இளைஞர் அம்மையாரிடம், "சின்னம்மா, வாற கப்பலிலை ஊருக்குப் போவம்" என்றார்.

"பிள்ளையும் அவரும் இஞ்சைதான். அங்கை நான் ஆரிட்டைப் போறது?" என்றார் அம்மையார்.

மறுநாள் காலை அஸ்தியைக் கடலில் கரைக்கப் படகில் போனோம். காற்றில்லை. கரை தூரமாகிப்போன இடத்தில், யாரும் சொல்லாமலே, மலாய்ப் படகோட்டி துடுப்பை மேலே எடுத்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தார். துடுப்பில் இருந்து சொட்டிய நீரின் ஓசை மட்டும் கேட்டது. சாம்பல் சற்று நேரம் வெள்ளையாக மிதந்து, பிறகு நீரின் நிறமாகவே ஆகிவிட்டது.

போய்வாரும், வேலுப்பிள்ளையரே. உமது மேசையை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். நீர் போன இடத்தில் உம்முடைய பூரணம் உம்மை அடையாளம் கண்டு ஓடி வரட்டும்.