லூயிசாவின் இடது பக்கம்

ஆண்டர்சன்பேட்டையில் சகாயம் வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடம் பூமிக்கு அடியில் டிரில் மிஷினை நெஞ்சோடு சாய்த்துப் பாறையைத் துளைத்த மனுஷர் அவர். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடி வீட்டுக்கு அனுப்பியபோது காதில் பாதியைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் மேலே ஏறி வந்தார். அதனால் மனைவி ஆனி கத்துவாள், டிவி கத்தும், மகள் லூயிசாவும் பேச்சு வந்த நாளிலிருந்து கத்தித்தான் பேசினாள். அந்த வரிசையில் பத்துக்கு ஆறு வீடு அப்படித்தான். இங்கே "டீ வேணுமா?" என்று கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கங்கம்மா "எனக்கும் ஒரு கிளாஸ்" என்பாள்.

பன்னிரண்டு வயதில் லூயிசாவை பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு டைப்பிங் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அவள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் சுடும் விளையாட்டு. சென்டரில் இருந்த பையன்கள் முதலில் சிரித்தார்கள், ஆறே மாதத்தில் அவள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சேரச் சண்டை போட்டார்கள். பி.காம் முடித்து ஒரு வருடம் விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தாள். பிறகு ஒரு பெங்களூர் குழு அவளைப் பெண்கள் அணியில் எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே ஆடலாம், மாதச் சம்பளம்.

"பொம்மைத் துப்பாக்கி சுடறதுக்குச் சம்பளமாம்! கேட்டியா கங்கம்மா?" என்று ஆனி வரிசைக்கே சொல்லிவிட்டாள். சொன்ன தோரணையில் கேலி கால்வாசி, பெருமை முக்கால்வாசி.

லூயிசாவின் திறமை கையில் இல்லை, காதில் இருந்தது. இந்த ஆட்டத்தில் எதிரி கண்ணுக்குத் தெரியும் முன்பே அவன் காலடிச் சத்தம் ஹெட்போனில் வந்துவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், மரப்படியா தகரமா என்று அவள் பிட்டுப் பிட்டு வைப்பாள். அவள் "வலது படி, ரெண்டு பேர்" என்றால் மற்ற நால்வரும் கேள்வி கேட்காமல் சுடுவார்கள்.

அந்தக் காதுதான் போனது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது, அங்கேதான் வினை. அமைதியான வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பாள். இவள் வீட்டில் எல்லோரும் கத்துகிறார்கள், எல்லோரும் "இன்னா? இன்னா?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். தானும் கேட்டாள், ஹெட்போன் சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போனாள். வருடக்கணக்கில் அப்படி ஏற்றியதே காதைத் தின்றது என்று கோலார் டாக்டர் சொன்னபோது, சத்தமாக இருப்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்த தன் முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலது நல்லாயிருக்கும்மா. இடது முக்கால்வாசி போயிடுச்சு. திரும்பி வராது" என்றார் டாக்டர்.

அவள் அழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு முடிவு எடுத்தாள்: யாருக்கும் தெரியக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் அணியில் ரெபேக்கா என்று ஒருத்தி, மணிக்கட்டு வலிக்கிறது என்று வாயைத் திறந்தாள். அடுத்த வாரம் அவள் இடத்தில் வேறு பெண் இருந்தாள். பாவம், ஒரு வார்த்தை, குடி முழுகிப் போயிற்று.

ஆறு மாதம் மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இரண்டு பக்கச் சத்தத்தையும் வலது காதுக்கே வரும்படி மாற்றிப் பார்த்தாள். சத்தம் வந்தது, திசை வரவில்லை. ஆட்டத்தில் எங்கே நின்றாலும் இடது தோளைச் சுவரோடு ஒட்டி நின்றாள். சுவர் இல்லாத இடத்தில் செத்தாள்.

பயிற்சியாளர் ராகேஷ் பெங்களூர்க்காரர், எல்லாவற்றையும் பதிவு செய்து திரும்பப் பார்க்கிற ஆள். ஒரு நாள் அவளைத் தனியாக அழைத்தார். "கடைசி இருபத்தஞ்சு தடவை நீ செத்தது பார்த்தேன். பத்தொம்பது லெஃப்ட்ல இருந்து. என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல கோச். கவனம் பிசகிடுச்சு."

"தகுதிச் சுற்று ஃபைனல் ஞாயித்துக்கிழமை. ஜெயிச்சா மும்பைல மெயின் டோர்னமெண்ட். அதுலயும் இப்படியே ஆடினா, உன் சீட்டுக்கு வேற ஆள் ரெடியா இருக்காங்க. பச்சையாவே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து ஆனி பிரியாணிக்கு இஞ்சி பூண்டு இடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் லூயிசா கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். ஐந்து பேரும் ஐந்து ஊரில், பேச்சு மட்டும் ஹெட்போனில். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகி, மூன்றாவது ஆட்டமும் இழுத்துக்கொண்டு போனது. சுற்றுக் கணக்கு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இனி ஒரே ஒரு சுற்று.

திரையில் தெரிந்த கிடங்கின் நடுவில் எதிரிகள் குண்டு வைத்துவிட்டார்கள். இவர்களில் நான்கு பேர் காலி. எதிரியிலும் நான்கு பேர் காலி. லூயிசா ஒருத்தி, எங்கோ ஒளிந்திருக்கும் ஒருத்தி, வெடிக்க முப்பது வினாடி. குண்டைச் செயலிழக்க வைக்க ஏழு வினாடி குனிந்தே இருக்க வேண்டும். அந்த ஏழு வினாடியில் எதிரி வருவாள். வலது வாசலா, இடது படியா?

இந்த ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கடைசியாக ஒருத்தி மட்டும் மிஞ்சினால் செத்துப்போன நால்வரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள் காலடியைக் கேட்க வேண்டுமே! மூச்சு கூட மைக்கில் விழக் கூடாது. அன்றும் அப்படியே, நால்வரும் கப்சிப் என்று அடங்கினார்கள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவள் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.

நடுக்கூடத்தில் சுவர் இல்லை. லூயிசா குண்டருகே குனிந்தாள், இன்னும் அதைத் தொடவில்லை. வலது காதில் ஒன்றும் இல்லை. எதிரி அசையவில்லையா, இல்லை இடது பக்கம் வந்துகொண்டே இருக்கிறாளா? இருபத்து நான்கு வினாடி. இப்படியே செத்தால் இருபதாவது சாவு, சீட்டு போயிற்று. வாயைத் திறந்தாலும் போயிற்று. ரெபேக்கா முகம் வந்து நின்றது. இருபத்து மூன்று. எப்படியும் போகப்போகிறது என்றால் ஆட்டத்தையாவது விடக் கூடாது!

"பேசுங்கடி!" என்று அலறினாள். "எனக்கு இடது காது கேக்காது! ஆறு மாசமா கேக்கல! இந்து, என் லெஃப்ட்ல யார் வர்றாங்கன்னு நீ கேட்டுச் சொல்லுடி!"

அவள் திரையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஹெட்போனில் விழும் சத்தம் அவர்களுக்கும் விழும். பங்காருபேட்டை இந்து, அணியிலேயே சின்னவள், அவளுக்குத்தான் முதலில் நாக்கு எழுந்தது.

"அக்கா... இருக்கா. லெஃப்ட்தான். படி ஏறுறா. மெதுவா வர்றா. இன்னும் இல்ல, இன்னும் இல்ல... நின்னுட்டா."

"நிக்கறாளா?"

"நிக்கறா. நீங்க குனிஞ்சே இருங்க. அவ நீங்க கேக்கலன்னு நெனைக்கட்டும். அக்கா... வர்றா! வந்துட்டா! கதவு! கதவு!"

லூயிசா இடது பக்கம் திரும்பிச் சுட்டாள். கதவு நிலையில் தலை தெரிந்தது, மூன்று தோட்டா, விழுந்துவிட்டாள். மீதி பத்து வினாடி. மறுபடி குனிந்து ஏழு வினாடி அசையாமல் இருந்தாள். குண்டு அடங்கியது.

ஹெட்போனில் நான்கு பேரும் அழுகையும் சிரிப்புமாகக் கூச்சல் போட்டார்கள். ஜெயித்தது லூயிசாவின் மண்டையில் ஏறவே இல்லை. சொன்னது சொன்னதுதான், ராகேஷும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க" என்றார் ராகேஷ். கூச்சல் நின்றது. "லூயிசா. டாக்டர் கிட்டப் போனியா?"

"போனேன் கோச். திரும்பி வராதுன்னுட்டாங்க."

"ஆறு மாசமா மறைச்சே."

"ரெபேக்காவை அனுப்பிட்டீங்க இல்ல? அதான் பயந்துட்டேன்."

"அதுல என் தப்பும் இருக்கு" என்றார் ராகேஷ். "மும்பைக்கு வர்றே. ஆனா முதல் மேட்ச் வெளிய உக்காருவே. காதுக்காக இல்ல, மறைச்சதுக்கு. அதுக்குள்ள இந்துவும் நீயும் ஜோடியா ஆடிப் பழகுங்க. இனி உன் லெஃப்ட் அவ பொறுப்பு."

டாக்டர் முன்னால் வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது. "வெளியவே உக்காந்துக்கறேன் கோச்! எத்தினி மேட்ச் வேணாலும் உக்காந்துக்கறேன்! டீம்ல இருக்கேன் இல்ல?"

"இருக்கே" என்றார் ராகேஷ். "ஆனா கத்தாதே தாயி. எங்களுக்காவது காது மிஞ்சட்டும்."